புள்ளையோட பயத்துக்கு நாம ஆடுற ஆட்டத்த எப்படி குறைக்கிறது

புள்ள பயப்படுதுன்னு நாம கூடவே படுக்குறோம், கேட்ட கேள்விக்கே நூறு தடவ பதில் சொல்றோம், ஸ்கூல் வேணாம்னா சரின்னு விட்டுர்றோம். அந்த நேரத்துக்கு அழுக நிக்கும், ஆனா பயம் வளந்துக்கிட்டே போகும். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஈலை லெபோவிட்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதுக்குன்னே ஸ்பேஸ்னு ஒரு தெரபி உருவாக்கினாரு, அதுல புள்ள வரவே தேவையில்ல, அம்மா அப்பா போனா போதும். 7லருந்து 14 வயசு வரையான 124 புள்ளைங்கள வச்சு இதையும், புள்ளையோடயே நேரா பேசி நெனப்பையும் நடத்தையையும் மாத்துற சிபிடிங்கிற தெரபியையும் ஒப்பிட்டு பாத்தாங்க, பலன்ல இது அதுக்கு கொறஞ்சதில்லன்னு வந்திருக்கு.

மொதல்ல, பயத்துக்காக வீட்டுல யார் யார் என்னென்ன செய்றீங்கன்னு ஒரு கொப்பில எழுதுங்க. அதுல தினம் நடக்குற ஒண்ண மட்டும் எடுங்க. தோட்டத்து லயத்துல ஒரே காம்பரால (அறையில) எல்லாரும் படுக்குற வீட்டுல தனியா படுக்க வைக்கிறதெல்லாம் சரிவராது, அத விடுங்க.

இப்போ கொழுந்து எடுக்குற ஒரு அம்மான்னு வைங்க. ஸ்கூல் விட்டு வந்த மக, அம்மாவ குளவி கொட்டிருச்சோன்னு பத்து நிமிசத்துக்கு ஒரு கோல். குளவி நெசந்தான், நம்ம மலைல அது சும்மா பயம் இல்ல, ஆனா கோல் எடுத்தா குளவி ஓடிராதுல்ல. அதனால ஒரு ஞாயித்துக்கிழம, எல்லாரும் அமைதியா இருக்குறப்போ சொல்லணும், எழுதியும் குடுங்க: "ஒனக்கு ரொம்ப பயமா இருக்குன்னு அம்மாவுக்கு தெரியும் கண்ணு, அந்த பயத்த ஒன்னால தாங்கிக்க முடியும்னும் தெரியும். நாளைலருந்து மூணு மணிக்கு நானே ஒரு கோல் எடுப்பேன், நடுவுல வர்ற கோலுக்கு பதில் சொல்ல மாட்டேன்." பயம் தெரியும்ங்கிறத மட்டும் சொன்னா செல்லம், தாங்கிக்க முடியும்ங்கிறத மட்டும் சொன்னா திட்டு, ரெண்டும் சேந்து வரணும். கவனிச்சீங்களா, "நீ கோல் எடுக்காத"ன்னு எங்கயும் சொல்லல, மாத்துறது நம்ம வேலைய மட்டும்தான்.

பாட்டிக்கும் கொழும்புல வேல செய்ற அப்பாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லன்னா அம்மா எடுக்கலன்னு மக அவங்களுக்கு கோல் எடுக்கும், அவங்க எரக்கப்பட்டு எல்லாத்தையும் கவுத்துருவாங்க. நெசமாவே அவசரம்னா பக்கத்து காம்பரா அத்தைகிட்ட போகணும்னும் சொல்லிருங்க. மொத சில நாள் அழுக கூடும், கத்தும், அது எதிர்பாத்ததுதான். அந்த நேரத்துல லெக்சர் வேணாம், வெளக்கம் வேணாம், மூணு மணி கோல மட்டும் தவறவிடாதீங்க. சாயந்தரம் வந்ததும், "பயத்தோடயே இருந்து பாத்துட்டியே"ன்னு ஒரு வார்த்த.

ஒண்ணு முக்கியம். ஸ்கூல்ல அடியா, வழியில யாராவது தொந்தரவு பண்றாங்களான்னு மொதல்ல விசாரிங்க, அப்படின்னா இந்த முறை இல்ல, 1929க்கு அடிங்க, அது இலங்கையில சிறுவர் உதவி நம்பர். சாப்பாடு தூக்கம் கெட்டுப்போனாலோ, செத்துரலாம்னு புள்ள பேசினாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க, 1926ங்கிற மனநல உதவி நம்பர்லயும் பேசலாம்.

கோல் விஷயம் பழகினதும் கொப்பிய தெறந்து அடுத்தத எடுங்க.