இரண்டு மணி நேர மிக்ஸை எங்கே வெட்டுவது?

என் மச்சினன் மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் டாக்சி ஓட்டுகிறான். நான் கல்யாண ரிசப்ஷன்களில் டிஜே போடுகிறவன். ஒருநாள் என் செட் ஒன்றின் பதிவை, அதாவது பாட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று கலந்து போட்ட மிக்ஸை, 2 மணி 10 நிமிடத்தையும் ஒரே கோப்பாக, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "மாமா, டீக்கு வண்டிய நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா மொதல்லேருந்து பாடுது. ரெண்டாவது பாதிய நான் இன்னும் கேட்கவே இல்ல."

சரி, பாட்டுப் பாட்டாகப் பிரித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது இரண்டு ராத்திரியைத் தின்றது. இப்போது முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். இடையில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அமைதி வரும் இடத்தைக் கண்டுபிடித்துத் தானாகப் பிரிக்கும் வசதியை ஓடவிட்டேன். கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுகளுக்கு அது அருமையாக வேலை செய்யும். மிக்ஸில் ஏது அமைதி? மொத்தம் மூன்று துண்டு கிடைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது மைக்கில் பேசுவதற்காக நான் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்கிய இரண்டு இடத்தில் மட்டும் வெட்டியிருந்தது. ஆகவே கையால்தான் குறிக்க வேண்டும்.

கையால் குறிக்கும்போதும் ஒரு தப்பு செய்தேன். புதுப் பாட்டின் முதல் சத்தம் கேட்கும் இடத்திலேயே கோடு போட்டேன். மச்சினன் அடுத்த பாட்டுக்குத் தாவினால், முந்தைய பாட்டின் கடைசி நாற்பது நொடிதான் ஓடியது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறோம் என்று பாருங்கள். புதுப் பாட்டை பேஸ் (அடியில் அதிரும் கனத்த ஒலி) இல்லாமல் மெல்ல உள்ளே விடுவோம். கைதட்டலும் ஷேக்கரும் மட்டும் கசியும். மேடை இன்னும் பழைய பாட்டின் கையில்தான். அப்புறம் ஒரு சுற்று தொடங்கும் அடியில் பழையதன் பேஸை இறக்கிப் புதியதன் பேஸை ஏற்றுவோம். கூட்டம் 'ஓ' என்று கத்துவது அந்த இடத்தில்தான். கோடு போட வேண்டியதும் அங்கேதான்.

அந்த இடத்தைத் தேட ஒரு சின்னக் கணக்கு உதவும். நிமிடத்துக்கு 128 தாள அடி ஓடும் பாட்டில் 32 அடிக்குச் சரியாக 15 நொடி. 120 என்றால் 16 நொடி. நடனப் பாட்டுகளில் பெரும்பாலும் இந்த 32 அடிச் சுற்றின் தொடக்கத்தில்தான் எதுவும் மாறும். ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து 15 நொடி முன்னும் பின்னும் தாவிப் பார்த்தாலே போதும். இந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் செய்த பாட்டுக்கு மட்டும்தான். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளைப் பெரும்பாலும் ஆட்கள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஆறெட்டு (6/8) தாளத்தில் ஓடும் குத்துப் பாட்டுக்கும் எண்ணிக்கை வேறு. அங்கெல்லாம் காதுதான் கணக்கு.

காதுக்குத் துணையாகக் கண்ணையும் வைத்துக்கொள்ளலாம். நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி, ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருள். பதிவைத் திறந்ததும் அலைவடிவம் முழுக்க ஒரே தடித்த கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. டிராக்கின் பெயருக்கு அருகே உள்ள மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள், கனத்த ஒலி கீழேயும் கீச்சொலி மேலேயுமாகப் படமாகத் தெரியும். கீழ்ப்பகுதியில் தெரிவது பேஸ். பேஸ் கைமாறும் இடத்தில் அந்தப் பட்டை ஒரு கணம் மெலிந்து மறுபடி தடிக்கும். பாடகர் குரல் நடுவில் நெளிநெளியாகத் தெரியும், அது எங்கே நின்றது என்பதும் பார்த்தவுடன் தெரியும்.

மிக்ஸை ஓடவிட்டு, மாறும் இடம் வந்ததும் கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு லேபிள் விழும். பாட்டுப் பெயரைத் தட்டி என்டர் அடியுங்கள். என்டரை மறந்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பாட்டு நிற்காது, பெயரில்தான் இடைவெளி விழும். நான் பத்து தடவையாவது ஏமாந்திருக்கிறேன். முதல் சுற்றில் துல்லியம் பார்க்க வேண்டாம், உத்தேசமாகக் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு லேபிளையும் பெரிதாக்கி, இப்போது அலைவடிவத்துக்குத் திரும்பி, டிரம்மின் அடி செங்குத்தாக எழும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் இழுத்து வையுங்கள். பின்னால் வைத்தால் அந்த முதல் அடியின் தலை போய்விடும். பாட்டு தடுக்கி விழுந்த மாதிரி தொடங்கும்.

வெட்டுவதற்கு முன் இன்னொன்றை முடிவு செய்ய வேண்டும். வரிசையாகக் கேட்கவா, தனித்தனியாகக் கேட்கவா? வரிசையாகக் கேட்பதானால் ஒரு துண்டு முடியும் புள்ளியிலேயே அடுத்தது தொடங்க வேண்டும். மேலே சொன்ன புள்ளி லேபிள்கள் போதும். ஷஃபிளில் கேட்கிற ஆள் என்றால் அது சரிப்படாது. எல்லாம் மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக முடியும். அப்படிப்பட்டவர்களுக்குத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுங்கள். கோட்டுக்கு ஒரு சுற்று முன்னால் தொடங்கி, அடுத்த கோட்டைத் தாண்டி ஒரு சுற்று வரை தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் அந்த நீளம் முழுவதுக்கும் லேபிள் விழும். ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் கிடந்தாலும் ஆடாசிட்டி இரண்டையும் முழுதாகவே வெளியே எடுக்கும். அப்புறம் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, தொடக்கத்தில் சத்தம் மெல்ல ஏற ஃபேட் இன், முடிவில் மெல்ல இறங்க ஃபேட் அவுட். சலிப்பான வேலைதான்.

வெளியே எடுப்பது சுலபம். எக்ஸ்போர்ட் ஆடியோவில் பல கோப்புகள் என்பதைத் தேர்ந்து, லேபிளின்படி பிரிக்கச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் எக்ஸ்போர்ட் மல்டிபிள் என்று தனியாகவே இருக்கும். முதல் பாட்டுக்கு லேபிள் போட மறந்திருந்தால், முதல் லேபிளுக்கு முந்தைய ஒலியையும் சேர்க்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

எந்த வடிவில் எடுப்பது? எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொள்ளும். தனிப்பாட்டில் அது தெரியாது. தொடர் மிக்ஸில் ஒவ்வொரு எல்லையிலும் தாளம் விக்கும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் இது வராது, வண்டி ஸ்டீரியோ ஃபிளாக் பாடுமானால் அதுவே உத்தமம். அதிலும் இரண்டு கோப்புக்கு நடுவே மூச்சு விடுகிற ஸ்டீரியோக்கள் உண்டு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மூலமே எம்பி3 என்றால் ஆடாசிட்டியில் மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள், தரம் இன்னொரு படி இறங்கும். எம்பி3டைரக்ட்கட் என்று விண்டோசுக்கு ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. அது கோப்பை மறுபடி எம்பி3 ஆக்காமல் அப்படியே நறுக்கும். எம்பி3 கோப்பு சின்னச் சின்னச் சட்டங்களாக (ஃபிரேம்) இருக்கும், ஒன்றுக்குச் சுமார் 26 மில்லிநொடி. அதைவிட நுணுக்கமாக வெட்ட முடியாது, அவ்வளவுதான். சொந்த செட்டை நான் இப்போது சுருக்காத வேவ் வடிவிலேயே பதிவு செய்கிறேன். சிடி தரத்தில் நிமிடத்துக்குப் பத்தரை எம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றேகால் ஜிபி. ஹார்ட் டிஸ்க் விற்கும் விலைக்கு இது ஒரு செலவா?

வெட்டவே வேண்டாம் என்பவர்களுக்குக் கியூ கோப்பு. நோட்பேடில் எழுதும் சின்ன உரைக்கோப்புதான். பாட்டுப் பெயரும் தொடங்கும் நேரமும் அதில் இருக்கும், பிளேயர் அதைப் பார்த்து ஒரே கோப்பைப் பல பாட்டாகக் காட்டும். இரண்டு பொறிகள் உண்டு. நேரத்தில் மணிக்கு இடமே இல்லை: நிமிடம், நொடி, சட்டம் என்றுதான் வரிசை. 1 மணி 12 நிமிடத்தை 72:00:00 என்று எழுத வேண்டும். 1:12:00 என்று எழுதினால் முதல் பாட்டின் நடுவில் போய் நிற்கும். கடைசி எண் நூறில் ஒரு பங்கும் அல்ல. சிடியின் கணக்குப்படி நொடிக்கு 75 சட்டம். அரை நொடி என்றால் 37. மிக்ஸ் (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருளில் பதிவு செய்தால், விருப்பங்களில் சொல்லிவைத்தால் கியூ கோப்பை அதுவே எழுதிவிடும். ஆனால் அது குறிக்கும் நேரங்களையும் பேஸ் மாறும் இடத்துக்கு நகர்த்தத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தவர் மிக்ஸ் என்றால் பாட்டுப் பெயர் தெரியாமல் முழிப்போம். பிரபல டிஜேக்களின் செட் என்றால் 1001டிராக்லிஸ்ட்ஸ் தளத்தில் ரசிகர்கள் பட்டியலே போட்டிருப்பார்கள். இல்லையென்றால், ஓடும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலி. இரண்டு பாட்டு கலந்து ஓடும்போது அதை அழுத்திப் பயனில்லை, ஒன்று மட்டும் தனியாக ஓடும் நடுப்பகுதியில் அழுத்துங்கள். டிஜே வேகத்தை நிறைய ஏற்றியிருந்தால் அதுவும் தடுமாறும். ஆடாசிட்டியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓடவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள்.

கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாக எண் போடுங்கள். 1, 2 என்று போட்டால் சில ஸ்டீரியோக்களில் 10 வந்துதான் 2 வரும். சில ஸ்டீரியோக்கள் பெயரையே பார்க்காது, பென்டிரைவில் ஏற்றிய வரிசையில்தான் பாடும். அதனால் ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். மச்சினன் வண்டியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், பெயரையெல்லாம் ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டியதாயிற்று.

மொத்தம் 27 துண்டு வந்தது. 14ஆவதை மட்டும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டு கேட்டுக் கூச்சல் போட, மூன்று நிமிடத்தில் ஐந்து பாட்டை மாற்றி மாற்றிப் போட்ட இடம் அது. அங்கே எந்தக் கோடும் ஒட்டவில்லை. "கலவை" என்று பெயர் வைத்து அப்படியே விட்டுவிட்டேன். மச்சினன் திரும்பத் திரும்பப் போடுவது அதைத்தான்.