பின்வளவில் பிபி (பிளாஸ்ரிக் குண்டு) சுட ஒரு குண்டுபிடிப் பெட்டி: ஒரு பால்மா மட்டையும் பழைய சாரமும் போதும்

நல்லூர்த் திருவிழாக் கடையில் ஒரு பிளாஸ்ரிக் பிஸ்டல் வாங்கினேன். மருமகனின் பெயரைச் சொல்லித்தான் வாங்கினேன், ஆனால் சுடுவது அதிகம் நான்தான். முதல் நாளே பின்வளவுத் தகரப் படலையில் கரிக்கட்டியால் வட்டம் கீறி, பத்தடி தள்ளி நின்று சுட்டேன். குண்டு தகரத்தில் ‘டங்’ என்று பட்டது. அடுத்த கணம் என் புருவத்துக்குக் கீழே சுள்ளென்றது. கண்ணுக்கு அரை விரல் தூரம். அன்றைக்குத் துவக்கை வைத்துவிட்டு இந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினேன். சரிவர நாலு நாள் எடுத்தது. உங்களுக்கு அரை மணித்தியாலம் போதும்.

முதலில் ஒன்று. நான் சொல்வது கையால் இழுத்துச் சுடும் ஸ்பிரிங் விளையாட்டுத் துவக்கைப் பற்றி மட்டும்தான். 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டு போடுவது. 4.5 மில்லிமீற்றர் இரும்புக் குண்டு போடும் காற்றுத் துவக்கு வேறு சாமான். இலங்கையில் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற துவக்குச் சட்டத்துக்குள் அது வரும், அனுமதிப்பத்திரம் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் பற்றரியில் ஓடும் றைபிள் ஒன்றைக் காட்டி, “பெட்டிக்குள்ள போட்டு அனுப்பட்டோ?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஜப்பானின் ரோக்கியோ மருயி கொம்பனி 1991இல் இறக்கிய பற்றரித் துவக்கின் வழியில் வந்தவை அவை. அச்சு அசல் இராணுவத் துவக்கு மாதிரி இருக்கும். அந்த அசல்தன்மைதான் அங்கே அதன் அழகு. எங்கள் ஒழுங்கையில் அதுவே வில்லங்கம். கறுப்பை விட்டுப் பச்சையோ மஞ்சளோ வாங்குங்கள். முனையில் செம்மஞ்சள் மூடி இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள். விளையாட்டுச் சாமான் என்று காட்டத்தான் அமெரிக்கச் சட்டம் அதைப் போடச் சொல்கிறது.

கண்ணாடி

வெயிற்கண்ணாடி உதவாது. ஹார்ட்வெயார் கடையில் கிறைண்டர் பிடிப்பவர்கள் போடும் தெளிவான கண்ணாடி கிடைக்கும். காதுத்தண்டில் ‘இசட் 87 பிளஸ்’ (Z87+) என்று, பலத்த அடி தாங்கும் என்பதற்கான குறி பொறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று புதினம் பார்ப்பவருக்கும் ஒன்று வேண்டும்.

இடம்

பின்னால் மதில் இருக்கவேண்டும். கிடுகு வேலி என்றால் இடைவெளிக்குள்ளால் குண்டு பக்கத்து வளவுக்குப் போகும். கிணற்றடிப் பக்கம் திரும்பவே வேண்டாம், குடிக்கிற தண்ணீர். நிலத்தில் ஒரு படங்கு விரித்தால் தவறுகிற குண்டுகளைக் கூட்டி அள்ளலாம். மக்கிப்போகும் குண்டு என்று விற்பதை நம்பி மண்ணில் விடாதீர்கள், அதுவும் இலேசில் மக்காது.

பெட்டி

பலசரக்குக் கடையில் பால்மா வந்த மட்டைப்பெட்டி ஒன்று கேட்டால் தருவார்கள். வாய் உங்களைப் பார்க்கும்படி அதைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் துளை போட்டு ஒரு துண்டுத் தும்புத்தடியைக் குறுக்கே செருகுங்கள். துளைகள் வாயிலிருந்து பார்த்தால் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் வரவேண்டும். தடிக்கும் பின்சுவருக்கும் இடையில் நாலு விரலாவது இருக்கட்டும். பின்மூலையில் ஒரு கல் வைத்தால் காற்றுக்கு நகராது.

அடுத்தது துணி. நான் மினைக்கெட்டது இதில்தான். முதலில் அம்மாவின் பழைய சேலைத் துண்டை நாலு மூலையும் இழுத்து, திரைமாதிரி விறைப்பாக ஆணியடித்தேன். சுட்டால் மேளத்தில் தட்டினதுபோல ஒரு சத்தம், குண்டு திரும்பி என் காலடிக்கு வந்தது. துணி மெல்லிசு என்று நினைத்து இரண்டாக மடித்து அடித்தேன். அதுவும் வந்தது. மேல்பக்கத்தை மட்டும் தளர்த்தினேன், பாதிக் குண்டு நின்றது, பாதி வந்தது. கடைசியில் அலுத்துப்போய் ஆணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அப்பாவின் பழைய சாரத்தைக் கொடியில் காயப்போடுவதுபோலத் தடியில் சும்மா போட்டேன். இரண்டு மடிப்பு, கீழ்க்கரை எங்கும் கட்டவில்லை. குண்டு பட்டதும் துணி பின்னால் போய்க் குண்டின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டது. குண்டு ‘பொத்’ என்று நேரே கீழே விழுந்தது. துணிக்குப் போக இடம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். துவைத்துத் துவைத்துத் தொய்ந்த சாரம் திறம். புதுச் சாரத்தில் கஞ்சி இருக்கும், சரிவராது.

பெட்டி வாயின் கீழ்விளிம்பில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு மட்டைத்துண்டு ஒட்டினால் குண்டு உருண்டு வெளியே வராது. மேல்விளிம்பில் உடுப்புக் கவ்வியால் ஒரு கொப்பி ஒற்றையைத் தொங்கவிடுங்கள். அதுதான் இலக்கு.

சுடுவது

பதினைந்தடியில் தொடங்குங்கள். குண்டு நிரப்பும் கூட்டை, அதுதான் மகசினை, கழற்றினால் துவக்கு வெறுமை என்று எண்ணவேண்டாம். இழுத்த உடனே ஒரு குண்டு குழலுக்குள் போயிருக்கும். மகசினைக் கழற்றி, பெட்டிக்குள் ஒருமுறை சுட்டு, ஸ்பிரிங் தளர்ந்தபின்தான் உள்ளே கொண்டுபோகவேண்டும்.

துவக்கோடு வருகிற மஞ்சள் குண்டு 0.12 கிராம். திருவிழாக் காலம் சோளகக் காற்று வீசுகிற காலம், அந்தக் காற்றில் இது பஞ்சு மாதிரிப் போகும். அதோடு, பல துவக்குகளில் குழலின் மேற்பக்கம் ஒரு சின்ன றப்பர் முனை குண்டைப் பின்பக்கமாகச் சுழலவிடும். ஹொப் அப் என்பார்கள். அந்தச் சுழற்சி குண்டை மேலே தூக்கும். பாரம் குறைந்த குண்டு கூடுதலாக எழும்பும். ஒரு கிழமையாக என் குறிதான் பிழை என்று நினைத்துப் பெட்டிக்கு மேலே சுட்டுக்கொண்டிருந்தேன். 0.20 கிராம் வெள்ளைக் குண்டு போட்டதும் நேரே போனது. விலை கூட, ஆனால் நான் இனி மஞ்சளைத் தொடமாட்டேன். மணலில் கிடந்த குண்டைத் திருப்பிப் போடாதீர்கள். ஒரு மணல் ஒட்டியிருந்தாலே குழலைக் கீறிவிடும். தையல் மெசின் எண்ணெயும் விடக்கூடாது, றப்பர் ஊதிப்போகும். சிலிக்கன் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இதை எழுதும்போது நினைவு வருகிறது. முதல் கிழமை பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னேரம் நானே போய்ப் பெட்டியையும் சாரத்தையும் காட்டினேன். சாரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, உதை றோட்டுப் பக்கம் கொண்டு போகாதை” என்றார். அதன்பிறகு ஆச்சி கோயிலுக்குப் போகிற நேரத்தில்தான் சுடுகிறேன்.

பின்சேர்க்கை 1: சொன்னபடியே செய்தும் குண்டு திரும்பி வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். சாரத்தின் கீழ்க்கரை கல்லுக்கு அடியில் அகப்பட்டிருந்தது. கல்லைச் சாரத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: மாரி மழையில் என் மட்டைப்பெட்டி ஊறிச் சரிந்துவிட்டது. இப்போது 20 லீற்றர் பெயின்ற் வாளியைக் கிடத்தி, அதே தும்புத்தடியைக் குறுக்கே செருகியிருக்கிறேன். வாய் சிறிது, ஆகவே பத்தடிக்கு வந்துவிட்டேன். றெஜிபோம் மீன்பெட்டி பாவிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நான் பாவித்துப் பார்த்தேன், இரண்டு நாள் முற்றம் முழுக்க வெள்ளைப் பொரி கூட்டினேன்.