போட்டோ புத்தகத்தை நாமே தைப்பது

படம் ஒட்டிய நோட்டு சில நாளில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தையலைக் குறை சொல்வோம். தையல் பாவம், படத்தின் கனத்துக்கு முதுகில் ஈடு வைக்காததுதான் கோளாறு.

அந்த ஈடு ஒரு தாள் பட்டைதான். நான் 120 ஜிஎஸ்எம் தாளை 40க்கு 20 செ.மீ. வெட்டி, பாதியாக மடிக்கிறேன். இப்படி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு பாரம்: நாலு இதழ், இதழுக்கு ஒரு 4க்கு 6 அங்குலப் படம். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் 4 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை நடுவில் மடித்து வைத்து, சேர்த்தே தைத்துவிட வேண்டும். பட்டை போட்டோத்தாள் அளவுக்குக் கனமாக இருக்கட்டும்.

தாள் வாங்கும்போது அதன் நார் ஓடும் திசையைப் பாருங்கள். லேசாக வளைத்தால் ஒரு பக்கம் சுலபமாகப் படியும், மறுபக்கம் முரண்டும். படிகிற மடிப்பு முதுகோடு ஒத்துப்போக வேண்டும். மாறிப்போனால் ஐப்பசி ஈரத்தில் தாள் அலையலையாக நெளியும். கட்டாக விற்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் தப்பாகிவிடும். பெரிய ஷீட் வாங்கி வெட்டுவதே மேல்.

என் புத்தகத்தில் ஆறு பாரம்: கல்லணை, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தண்ணீர் வரும் வரிசை. ஊருக்கு ஒரு பாரம் என்பதால் பக்கங்கள் குழம்புவதில்லை.

மடிப்பில் குத்தூசியால் ஐந்து ஓட்டை. ஓரத்து ஓட்டைகள் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி. எல்லாப் பாரத்துக்கும் ஒரே அட்டைத் துண்டை அளவாக வைத்துக் குத்துங்கள். பருத்தி நூலில் தேன்மெழுகு தேய்த்து, ஒவ்வொரு பாரத்தின் கடைசி ஓட்டையிலும் கீழ்ப் பாரத்துத் தையலுக்கு அடியில் ஊசியை விட்டு முடிச்சுப் போட்டு ஏறுங்கள். கும்பகோணத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த பைண்டர் தாத்தா, "மேல தூக்காதம்மா, முதுகோட இழு" என்பார். மேலே தூக்கினால் நூல் தாளை அறுத்துவிடும்.

முதுகுக்கு ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, மல் துணி ஒட்டுங்கள். பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. கணக்கு நோட்டுக்குச் சரி; போட்டோ பக்கத்தில் நான் அதை விடமாட்டேன். வெறும் மைதாப் பசையோ ராமபாணப் பூச்சிக்கு விருந்து. படங்களை ஒட்டாமல் நாலு மூலையிலும் தாள் முக்கோணம் ஒட்டிச் செருகுவது நல்லது. பென்சில், கரி ஓவியமானால் மேலே பட்டர் பேப்பர்.

அட்டை மூன்று பக்கமும் 3 மி.மீ. வெளியே நீளட்டும். முதுகுக்கு வெட்டிய அட்டைப் பட்டைக்கும் பக்கத்து அட்டைக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி, அது குறைந்தால் புத்தகம் திறக்க மறுக்கும். மேலுறைக்குப் பழைய கைத்தறிச் சேலை அழகுதான், ஆனால் பின்னால் மெல்லிய தாளை ஒட்டிக் காயவிடாவிட்டால் பசை ஊறி வெளியே கறையாகத் தெரியும். (பட்டு வேண்டாம், எனக்குச் சரிப்பட்டதே இல்லை.)

கடைசியாகப் புத்தகத்தை அட்டையோடு ஒட்டி, அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் வைத்து, அம்மிக்கல்லின் அடியில் ஒரு ராத்திரி. மழைக்காலமானால் இரண்டு, மூன்று நாள். நன்றாகக் காய்ந்த பிறகே படங்களைச் செருகுங்கள்.