அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பின்னாலிருந்து வாசியுங்கள்

கல்யாண அழைப்பிதழோ, இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூலோ, அச்சுக்குக் கொடுக்குமுன் கடைசிச் சொல்லில் தொடங்கி ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி வாசித்துப் பாருங்கள். நேராக வாசிக்கும்போது அடுத்து என்ன வரும் என்று மனது முந்திக்கொள்ளும், ‘நல்லுர்’ என்று பிழையாக விழுந்திருந்தாலும் பக்கத்தில் ‘கந்தசுவாமி கோயில்’ இருப்பதால் கண் அதை ‘நல்லூர்’ என்றே எடுத்துக்கொண்டு போய்விடும். பின்னாலிருந்து வந்தால் அந்தத் துணை இல்லை, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கல்வெட்டில் போனவரின் பெயர் பிழைத்தால் வீட்டாருக்கு எவ்வளவு வேதனை, மறுபடி அச்சடிக்கக் காசும் வேண்டும்.

ஆனால் ‘மணமகன்’ வரவேண்டிய இடத்தில் ‘மணமகள்’ விழுந்திருந்தாலோ, திகதியும் கிழமையும் பொருந்தாவிட்டாலோ இந்த முறை உதவாது, தனித்தனியே எல்லாம் சரியான சொற்கள்தானே. அதற்கு ஒருமுறை நேராகவும் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.