மூதாதையர் எழுதிய தன்வரலாறுகளைப் பேணுதல்: மார்மன் குடும்பங்களுக்கான வழிமுறை

1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய மார்மன் என்னும் கிறித்தவச் சபையில் நாட்குறிப்பு எழுதுவது சமயக் கடமைபோலக் கருதப்பட்டு வந்ததால், அச்சபையினர் பின்னர் குடியேறிய யூட்டா மாநிலத்தின் பழைய குடும்பங்கள் பலவற்றில் கொள்ளுப்பாட்டனாரின் கையெழுத்துப் பிரதி ஏதேனும் இன்றும் பெட்டிக்குள் கிடக்கிறது.

அதனைச் செப்பனிடும் ஆசையை முதலில் அடக்கிக்கொள்ளுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும் தாளை லேமினேட் செய்வதும் மீட்க முடியாத சேதத்தை விளைவிக்கும். துருவேறிய குண்டூசிகளை மட்டும் மெல்ல நீக்கி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் கிடத்தி, வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாத அறையில் வையுங்கள். பரணும் நிலவறையும் ஆகாது.

அடுத்து, அட்டையின் உட்புறம், ஓரக்குறிப்புகள், இடையில் செருகிய கடிதங்கள் என அனைத்தையும் வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில், ஸ்கேன் செய்யுங்கள். படியெடுக்கும்போது எழுதியவரின் எழுத்துப்பிழைகளை அப்படியே விட்டுவிடுங்கள். புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி இடுங்கள். பலதார மணம், குடும்பப் பிணக்கு போன்ற சங்கடமான பகுதிகளை நீக்கிவிடும் உறவினர்கள் உண்டு. என் பார்வையில், வருங்கால வாசகர் தேடுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவேற்றி, பிரதியில் இடம்பெறும் ஒவ்வொரு உறவினரின் பக்கத்துடனும் அதனை இணைக்கலாம். உயிரோடிருப்பவர் குறித்த செய்திகள் இருந்தால் அவர்தம் ஒப்புதலைப் பெறுங்கள். அத்தளத்தை மட்டும் நம்பாமல், வேறு ஊர்களில் வசிக்கும் உறவினர் இருவரிடமும் நகல்களை ஒப்படையுங்கள். மூலத்தைக் காக்க வீட்டில் வசதியில்லையெனில், சால்ட் லேக் நகரிலுள்ள சபை வரலாற்று நூலகத்தை அணுகலாம்.