பில்லில் மைனஸ் வருவது ஏன்? வெப்அசெம்பிளியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் பேசும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பில்லின் தொகை 3 கோடி ரூபாய் என்று வையுங்கள். மென்பொருளுக்குள் அது பைசாவில் இருக்கிறது: 3000000000. கணக்குப் போடும் பகுதி சி மொழியில் எழுதி, பிரவுசருக்குள் ஓடக்கூடிய வெப்அசெம்பிளி என்ற வடிவத்துக்குக் கம்பைல் செய்தது. விடையை வாங்கித் திரையில் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட். சி பக்கம் விடை சரி, ஆனால் திரையில் வருவது மைனஸ் 1,29,49,672 ரூபாய் 96 பைசா. "ஏனுங்க, பில்லு மைனஸ்ல வருதுங்க" என்று கணக்காளர் போன் செய்வார். பிழையைத் தேடிப் போனால் இரண்டு பக்க நிரலும் ஒழுங்காகவே இருக்கும். தவறு நடந்தது நடுவில்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பழைய சி, சி பிளஸ் பிளஸ் கணக்குகளை, துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), நூல் கவுண்ட், ஜாப் ஒர்க் கூலி போன்றவற்றை, பிரவுசருக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். வெப்அசெம்பிளிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் நடுவே உள்ள எல்லையைக் கடப்பது பெரும்பாலும் வெறும் எண். அது பைசாவா, மெமரி முகவரியா, ஆம்/இல்லையா என்பதெல்லாம் கூடவே வராது. எண் பொருந்தாவிட்டாலும் பல நேரம் பிழை காட்டாமல், தனக்குத் தெரிந்தபடி மாற்றிக்கொண்டு உள்ளே விட்டுவிடும்.

மேலே சொன்ன மைனஸுக்குக் காரணம் எளிது. வெப்அசெம்பிளியின் ஐ32 என்பது 32 பிட்கள், அவ்வளவுதான். அதற்குப் பிளஸ், மைனஸ் என்ற குறி கிடையாது. சி பக்கம் அதைக் குறியற்ற எண்ணாக நடத்துகிறது. வெளியே வரும்போது ஜாவாஸ்கிரிப்ட் எப்போதும் குறியுள்ள எண்ணாகவே படிக்கிறது. 2147483647-ஐத் தாண்டிய எதுவும் மைனஸாகிவிடும். வெளியே வந்த விடையோடு >>> 0 (குறியற்ற எண்ணாகப் படி என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் குறியீடு) சேர்த்தால் சரியாகிவிடும். மெமரி 2 ஜிபியைத் தாண்டினால் முகவரிகளுக்கும் இதே கதிதான்.

இதைவிட ஆபத்தானது எதிர்த்திசை. 5 கோடி ரூபாயைப் பைசாவாக்கி ஐ32 எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். 5000000000 என்பது 32 பிட்டில் அடங்காது. மேல் பிட்கள் கழன்று 705032704 ஆகிவிடும். அதாவது 70,50,327 ரூபாய் 4 பைசா. மைனஸ் வந்தால் யாராவது கவனிப்பார்கள். 70 லட்சம் என்பது பார்க்க நம்பும்படியான தொகை, அப்படியே வங்கி வரைக்கும் போய்விடும். இங்கே >>> 0 உதவாது, ஏனென்றால் தகவலே தொலைந்துவிட்டது.

உடனே எல்லாவற்றையும் ஐ64, அதாவது 64 பிட் முழு எண், ஆக்கிவிடுவது அடுத்த தவறு. ஐ64 ஜாவாஸ்கிரிப்ட்டில் பிக்இன்ட் என்ற தனி வகைப் பெரிய முழு எண்ணாக வரும். அதைச் சாதாரண எண்ணோடு கூட்டினால் டைப் எரர். தகவலை எழுத்தாக அனுப்பும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றப் போனாலும் டைப் எரர். ஐ64 கேட்கும் இடத்தில் சாதாரண எண்ணைக் கொடுத்தாலும் அதேதான். பைசாக் கணக்குக்கு என் தேர்வு எஃப்64 (64 பிட் தசம எண், ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்ணும் இதுவே), ஆனால் முழு எண்ணாக மட்டும். ஜாவாஸ்கிரிப்ட் எண் 9007199254740991 வரை முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். பைசாவில் அது சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். எந்த மில்லின் வரவு செலவும் அதற்குள் அடங்கும். உள்ளே பெருக்கல் வகுத்தலை சி பக்கம் 64 பிட் முழு எண்ணில் செய்துகொள்ளட்டும், எல்லையில் மட்டும் எஃப்64. பிக்இன்ட் உண்மையில் தேவைப்படுவது 64 பிட் அடையாள எண், ஹேஷ் போன்றவற்றுக்கு. அவற்றைச் சாதாரண எண்ணாக்கினால் கடைசி இலக்கங்கள் மாறிவிடும்.

எஃப்32-ஐ, அதாவது 32 பிட் தசம எண்ணை, விலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். கிலோ 245.35 ரூபாய் நூல் விலை திரும்பி வரும்போது 245.350006... ஆகியிருக்கும். பழைய விலையோடு சமமா என்று ஒப்பிட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

அப்புறம் படிவம். உள்ளீட்டுப் பெட்டியின் மதிப்பு எப்போதும் எழுத்துச் சரம்தான். "64" என்ற சரத்தை ஐ32-க்குக் கொடுத்தால் 64 ஆக மாறிவிடும், சோதனை தேறிவிடும். "64.5" கொடுத்தால் அரைக் கிலோ காணாமல் போய் 64. நம் ஊர் வழக்கப்படி "1,25,000" என்று கமா போட்டுக் கொடுத்தால் 0. பெட்டியைக் காலியாக விட்டாலும் 0, ஆர்குமென்டை மறந்து விட்டாலும் 0. ஒரு பிழைச் செய்தியும் வராது. வகைகளைச் சோதிக்கும் டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அதன் வேலை கம்பைல் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. ரஸ்ட் மொழியில் இந்த எல்லைக்கான நிரலைத் தானே எழுதித் தரும் வாஸ்ம்-பைண்ட்ஜென் கருவி எழுத்துச் சரங்களையும் குறியற்ற எண்களையும் நன்றாகவே கையாளும். ஆனால் ரிலீஸ் பில்டில் அதுவும் இந்த எண் சோதனையைச் செய்யாது. கமாவை நீக்கி, எண்ணாக்கி, அது முழு எண்தானா, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதை எல்லைக்கு வெளியே, ஒரே ஓர் இடத்தில் எழுதி வையுங்கள். எல்லா அழைப்பும் அதன் வழியாகவே போகட்டும்.

தமிழில் வேலை செய்பவர்களை அதிகம் கடிப்பது எழுத்துகள்தான். பார்ட்டியின் ஊர் கோயம்புத்தூர். நாம் எண்ணினால் 7 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் நீளம் 13. சி பக்கம் யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) பைட்டுகளாக 39, ஏனெனில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் அங்கே 3 பைட். ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தால் மூன்றும் ஒன்றாகவே இருக்கும், தவறு வெளிப்படாது.

நீளம் 13, முடிவுக்கு ஒரு பூஜ்யம், ஆக 14 பைட் இடம் ஒதுக்குகிறோம். எழுத்தைப் பைட்டாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான டெக்ஸ்ட்என்கோடரின் என்கோட்இன்டு அந்த 14-க்குள் முழுதாக அடங்கும் குறியீடுகளை மட்டும் எழுதும். நான்கு குறியீடு, 12 பைட். டெலிவரி சலானில் ஊர் "கோயம" என்று அச்சாகும். மாறாக, 39 பைட்டையும் நேரடியாக மெமரியில் கொட்டினால் ஊர் முழுதாக வரும், ஆனால் பக்கத்தில் இருந்த வேறொன்று, ஒருவேளை அளவோ விலையோ, அழிந்திருக்கும். வெப்அசெம்பிளி தன் மெமரிக்கு வெளியே போவதைத்தான் தடுக்கும். உள்ளுக்குள் எல்லை மீறுவதைத் தடுக்காது. முதலில் என்கோட் செய்து, வந்த பைட் எண்ணிக்கையைப் பார்த்து, அப்புறம் இடம் ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. "கோ"வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். பைட் பைட்டாக ஒப்பிடும் சி நிரலுக்கு இரண்டு வேறு ஊர்கள். அனுப்பும் முன்பே நார்மலைஸ் செய்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இடம் ஒதுக்கும்போது மெமரி வளரலாம். 64 கேபி பக்கங்களாக அது வளர்ந்தவுடன், முன்பு எடுத்து வைத்திருந்த யுஇன்ட்8அரே (ஜாவாஸ்கிரிப்ட் அந்த மெமரியைப் பைட் பைட்டாகப் பார்க்கும் வியூ) செத்துவிடும்: நீளம் 0, எழுதினால் எங்கும் போகாது, படித்தால் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை). அந்த அன்டிஃபைன்டை அடுத்த ஃபங்ஷனுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம், 0 ஆகும். சிறிய பில்லில் இது நிகழாது. ஆயிரம் வரி உள்ள பில்லில் நிகழும். எனவே வியூவை மாறியில் பத்திரப்படுத்தாமல், ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து புதிதாக எடுங்கள்.

சி நிரலை வெப்அசெம்பிளியாக்கும் எம்ஸ்கிரிப்டனின் சிகால் (சி ஃபங்ஷனை அழைக்கும் வழி) மூலம் ஸ்ட்ரிங் அனுப்புபவர்களுக்கு ஒரு சொல். அது சரத்தை ஸ்டேக் என்ற தற்காலிக மெமரியில் நகலெடுத்து, அழைப்பு முடிந்ததும் இடத்தை விட்டுவிடுகிறது. சி பக்கம் அந்த முகவரியைச் சேமித்து வைத்துப் பின்னால் படித்தால் அங்கே வேறு ஏதாவது இருக்கும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் சி பக்கமே நகலெடுக்க வேண்டும்.

சி-யின் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளின் தொகுப்பை) ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட்டாவியூ வைத்துப் படிக்கிறீர்களா? கடைசி ஆர்குமென்டாக ட்ரூ கொடுங்கள். வெப்அசெம்பிளி எண்ணின் பைட்டுகளைச் சிறு முனை (மதிப்புக் குறைந்த பைட்) முதலில் என்ற வரிசையில் எழுதுகிறது, நாம் கேட்காவிட்டால் டேட்டாவியூ பெரு முனையிலிருந்து படிக்கிறது. 5 பீஸ் என்று எழுதியது 83886080 பீஸ் என்று வரும்.