தொப்பைக் கொழுப்பு உடம்புக்குள் மூட்டும் அழற்சியைத் தணிப்பது எப்படி?

கொழுப்பு என்றால் உடம்பு ஓரமாகச் சேர்த்து வைத்திருக்கும் சேமிப்பு, அவ்வளவுதான் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கொழுப்புத் திசு ஒரு சுரப்பி. அது விடும் ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து நோயெதிர்ப்பு அணுக்களைத் தொட்டு, சில நேரம் அவற்றைச் சீண்டிவிடும் (அந்தக் கொந்தளிப்புதான் அழற்சி), சில நேரம் அடக்கிவைக்கும். எது நடக்கும் என்பது பெரும்பாலும் கொழுப்பு எங்கே, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை நம்மால் ஓரளவு மாற்ற முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஹார்மோன்களில் இரண்டின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று லெப்டின், 1994ல் கண்டுபிடிக்கப்பட்டது. கையிருப்பு போதும், சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. ஆனால் மேக்ரோபேஜ் (செத்த அணுக்களை விழுங்குவது), டி அணு போன்ற நோயெதிர்ப்பு அணுக்களிலும் லெப்டினைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன, கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடி, அந்த அணுக்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களை அதிகமாகக் கொட்ட ஆரம்பிக்கும். இன்னொன்று அடிப்போனெக்டின். இது நேர்மாறு: அணுக்களை அமைதிப்படுத்தும், ஐஎல்-10 என்ற தணிக்கும் பொருளை விட வைக்கும். ஆனால் தொப்பை வளர வளர அடிப்போனெக்டின் குறைந்துகொண்டே போகும். சீண்டுவது ஏறி, தடுப்பது இறங்குகிறது, சிக்கலே அங்கேதான்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். அளவுக்கு மீறி ஊதிப்போன கொழுப்பணு ஒன்று செத்துக் கிடக்கும், அதைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் வளையமாக மொய்த்திருக்கும். ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் உள்ள அணுக்களில் மேக்ரோபேஜ்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது 40 சதவீதம் வரை போகலாம் என்று 2003ல் வந்த ஆய்வு காட்டியது. இந்த அழற்சியில் காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. ஆனால் இன்சுலின் சொன்னபடி வேலை நடக்காமல் சர்க்கரை ஏறும், ரத்தக்குழாய்ச் சுவரும் மெல்லக் கெடும்.

சரி, என்ன செய்வது? எடைத் தராசை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுங்கள். இந்திய வம்சாவளியினருக்கு ஒரே எடையுள்ள ஐரோப்பியர்களைவிட உள்வயிற்றுக் கொழுப்பு கூடுதல், அடிப்போனெக்டின் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சிங்கப்பூரில் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23லேயே எச்சரிக்கை தொடங்குவதும், 27.5ஐ அதிக ஆபத்து என்று வைத்திருப்பதும் ஆசியர்களின் உடல்வாகைக் கணக்கில் எடுத்துத்தான். இடுப்பளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. காற்சட்டை அளவை நம்பாதீர்கள், பாதிப் பேர் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறோம். நேராக நின்று, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது.

அடுத்தது நடை. இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் தராசு முள் அசையாவிட்டாலும் வேர்க்க நடப்பவர்களுக்கு உள்வயிற்றுக் கொழுப்பு குறைகிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கலாம், மழை பிடித்துக்கொண்டால் அடுக்குமாடி புளோக் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள், புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சிக் கருவிகளே போதும். இதில் ஒரு வியப்பான விஷயம்: வேலை செய்யும் தசையும் ஐஎல்-6ஐத்தான் விடுகிறது, ஆனால் அது கொஞ்ச நேரம் மட்டும் ஏறி இறங்கி, பின்னாலேயே ஐஎல்-10ஐ ஏற்றிவிடுகிறது. கொழுப்பிலிருந்து நாள் முழுக்கக் கசிந்தால் தொல்லை, தசையிலிருந்து வந்தால் நன்மை.

சாப்பாட்டில் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். தட்டில் பாதி காய்கறி பழம், கால்வாசி முழுத்தானியம், கால்வாசி மீன், கோழி, பருப்பு. தேக்கா சந்தைக்குப் போனால் கானாங்கெளுத்தி, மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள், ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கிடைக்கும். காப்பிக்கடையில் தே தாரிக்குக்குப் பதில் தே-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று சொல்லப் பழகுங்கள், முதல் வாரம் கசக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும். எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே அழற்சி அளவுகள் இறங்கத் தொடங்கும். சிகரெட்டையும் விடுங்கள், அது அடிப்போனெக்டினைக் குறைக்கிறது. தூக்கத்தையும் கவனியுங்கள், குறைந்தால் பசி ஹார்மோன்கள் தடுமாறி மறுநாள் கை தானாகப் புரோட்டா பக்கம் போகும்.

லெப்டினைச் சரிசெய்யும் என்று சொல்லி விற்கும் மாத்திரைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். லெப்டின் ஊசி மருந்து உண்மையிலேயே உண்டு, ஆனால் அது பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்களுக்கும் கொழுப்புத் திசு இழந்தவர்களுக்கும் தரப்படுவது. உடலில் ஏற்கெனவே நிறைய லெப்டின் இருப்பவர்களுக்கு இன்னும் கொடுத்துப் பெரிய பலனில்லை.

அழற்சி குறைகிறதா என்று பார்க்க விரும்பினால், குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ உயர் உணர்திறன் சிஆர்பி (hs-CRP) ரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். ஐஎல்-6 தூண்டுவதால் கல்லீரல் செய்யும் புரதம் அது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல். சளிக்காய்ச்சல், டெங்கி, ஈறு வீக்கம் எது இருந்தாலும் அளவு எகிறும் என்பதால் 10க்கு மேல் வந்தால் பதறாமல், உடம்பு தேறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் எடை குறையக் குறைய டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.